நத்தம் பாலத்தில் சோதனை ஓட்டம்

"பட்டனைத் தட்டுங்க மேடம்,
சஸ்பென்ஷன் இறுகிடும்"
என்றார் ஷோரூம் இருளப்பன்.
தட்டினேன்.

நாராயணபுரம் தாண்டியதும்
பாலத்தின் ஒவ்வோர் இணைப்பும்
தடக் தடக்கென்று
இருக்கை வழியாக ஏறி வந்தது.
எல் ஃபைவ். எல் ஃபோர்.
இருபத்திரண்டு வருஷம் ஸ்கேன் சென்டரில்
பிறர் முதுகை எண்ணியவள்.
என் முதுகை எண்ண
ஒரு பாலம் வேண்டியிருந்தது.

"ரோடு உங்க கையோட பேசும், பாருங்க."
பேசியது,
தாரை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது வரை.

மறுபடி தட்டினேன்.
பாலத்துக்கு எலும்பே இல்லாமல் போனது.
முன்கண்ணாடியில் அழகர்மலை
ஆடாமல் நின்றது.
வளைவில் மட்டும் கார்
கொஞ்சம் சாய்ந்து யோசித்தது.

"இது வயசானவங்க எடுக்குறது..."
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உண்மையைத்தான் காலை ஒன்பதிலிருந்து
வெளிச்சப் பெட்டியில் மாட்டி மாட்டிப் பார்க்கிறேனே.
சாயங்காலம் ஏழு மணிக்கு,
சிவப்பாக, இரண்டே சீட்டோடு,
ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டும்.

மெத்தென்றதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

திரும்பும் வழியில்
ஐயர் பங்களா வேகத்தடையில்
கர்ரென்று அடிவயிறு உரசியது.
இருவரும்
கேட்காத மாதிரி இருந்தோம்.