பெரிய எழுத்து

லைட் ஸ்திரீட், மாஜிஸ்திரேட் கோர்ட்டு, இரண்டாம் மாடி.
ஏர்கோன் பழுது. ஜன்னலைத் திறந்தால் கடல் வாடை.
அடுத்தவருக்கு வாயாக இருப்பது என் உத்தியோகம்.
அவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்பேன், மலாயில்.

பிரதிவாதி தண்ணிமலை த/பெ குழந்தை.
ஐஸ் வேன். பதினோரு மாதத் தவணை பாக்கி.
வக்கீல் கிடையாது.
கையில் ஒரு நீலக் கோப்பு,
பட்டர்வொர்த்தில் ஏதோ ஹோட்டல் மண்டபத்தில்
நானூற்றைம்பது வெள்ளி கட்டி வாங்கியது,
மதியச் சாப்பாடும் சேர்த்து.

"அம்மா, இது கப்பல் சட்டத்துக்கான கோர்ட்டு.
நான் கரையில நிக்கிற மனுஷன்.
கரையில இருக்கிறவனுக்குப் பொதுச் சட்டம்தான்."
முகம் மாறாமல் மலாயில் சொன்னேன்.
அந்த நேரம் பார்த்து ஃபெர்ரி ஊதியது.
மாஜிஸ்திரேட் குனிந்து
எதையோ எழுதுவதுபோல் இருந்தார்.

பேங்குக்கு மூன்று கடிதம் போட்டாராம்,
சிவப்பு மையில், பெருவிரல் ரேகை வைத்து.
இருபத்தொரு நாள் கெடு. பதில் இல்லை.
மௌனம் சம்மதம்.
மலாயில் அதைச் சொன்னபோது
கல்யாணப் பேச்சுபோல் ஆகிவிட்டது.
பேங்கின் வக்கீல் மிஸ் ஊய், சின்னப் பெண்,
கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகுதான் கோப்பின் கடைசித் தாளை எடுத்தார்.
ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து.
அது ஆள் இல்லை, காகிதக் கம்பெனி.
கடன் பட்டது அவன்.
"நான் சின்ன எழுத்துக்காரன்மா."

"ஹூருஃப் பெசார்?" என்றார் மாஜிஸ்திரேட்.
தமிழுக்குத் திருப்ப வாய் திறந்தேன்,
"தலையெழுத்தா?" என்று விழுந்துவிட்டது.
"ஆமாங்க," என்றார் தண்ணிமலை.

பதினேழு வருஷம் இந்த நாற்காலி.
திருட்டு, கஞ்சா, அடிதடி
எல்லாம் என் நாக்கு வழியாகப் போயிருக்கிறது.
இது மட்டும் தொண்டையில் நின்றது.
நம் எழுத்துக்குக் கொம்பு உண்டு, கால் உண்டு,
சுழி உண்டு, புள்ளி உண்டு,
பெரிசு சின்னது என்று இரண்டு சாதி கிடையாது.
இங்கிலீஷில் அவர் பிரித்து நிறுத்திய இருவர்
தமிழில் எழுதினால்
ஒரே தண்ணிமலை.

"வேன் யாரிடம் இருந்தது?"
"என்கிட்ட."
"ஐஸ் ஏற்றியது?"
"நான்தான். விடிகாலை நாலு மணிக்கு, பத்து மாவுங் வரைக்கும்."
"தவணை கட்டாதது?"
கோப்பைப் புரட்டினார், முன்னும் பின்னும்.
அதற்கு அதில் பக்கம் இல்லை.
"காத்து மாசம்மா. படகே போகல. மீனில்லாம எவன் ஐஸ் வாங்குவான்?"
அதை மட்டும் தடுக்காமல் சொன்னேன்.

மாதம் முந்நூறு வெள்ளி. மிஸ் ஊய் ஒத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் காத்திருந்தார்.
"அக்கா, எல்லாத்தையும் சரியாச் சொன்னீங்கல்ல?"
சொன்னேன் என்றேன்.
"அப்ப, காச எந்தப் பேர்ல கட்டுறது?"

எப்படிக் கட்டினாலும்
ரசீதில் பெரிய எழுத்தில்தான் வரும் என்றேன்.
தலையாட்டினார்.
வெளியே தூறல்.
நீலக் கோப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.