எடை போட்ட ஞாயிறு

கதவைச் சாத்தச் சொன்னார் தனபாலன்.
காற்று நுழைந்தால் தராசு பொய் பேசுமாம்.

தோட்டத்தின் பழைய கித்தா ஸ்டோர்.
ஒரு ஞாயிற்றுக்கு மட்டும் சாவி கொடுத்திருந்தார்கள்.
பால்கட்டியின் புளித்த வாடை
இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை.
நடுவில் எங்கள் விமானம்,
முதன்முறையாக இரண்டு இறக்கையோடும்.

ஆறு வருஷமாக அதை முழுசாய்ப் பார்த்ததில்லை நான்.
உடம்பு கார் போர்ச்சில்,
இடது இறக்கை வீட்டுப் பக்கச் சந்தில்,
வலது இறக்கை ஹாலில், சோபாவுக்கு மேலே, கயிற்றில்.
தீபாவளிக்கு வந்தவர்கள்
குனிந்தபடியே முறுக்கு தின்றார்கள்.
நேற்று இரவு இரண்டு மணிக்குச்
செம்பனைக்குலை லாரியில் ஏற்றி,
பகாவ் கடைத்தெரு விளக்குகளுக்கு அடியில்
இறக்கையை அணைத்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

துணி என் பங்கு.
பள்ளிச் சீருடையும் பாஜு கூரோங்கும் தைக்கிற கை.
முழ நீள ஊசி
இறக்கையின் முதுகில் இறங்கி வயிற்றில் வெளிவரும்.
ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு.
முன்விசிறிக் காற்று அறைகிற இடத்தில்
முடிச்சுகள் இன்னும் நெருங்கி விழ வேண்டும்.
"ஒன்று விட்டுப்போனால் என்ன?" என்றேன்.
"ஒன்றுதானே என்று துணி நினைக்காது."
அன்று இரவு முழுக்கப் பிரித்துத் தைத்தேன்.

இஸ்திரிப்பெட்டி பட்டதும்
மேளத்தோலாய் விறைத்தது துணி.
பூச்சு அடித்த நாளில்
தாமான் முழுக்கப் பழுத்த வாழைத்தார் மணம்.
"பீசாங் கோரேங் எப்போது வரும்?" என்று
வேலிக்கு மேலே கேட்ட மக் சிக் ரொகாயா
அப்புறம் மூன்று நாள் சன்னலைத் திறக்கவில்லை.

தராசுகள் ஆ லெக்குடையவை,
டுரியான் நிறுப்பவை, நான்கு.
ஒன்று உபரி, எது கெடும் என்று அவருக்கே தெரியாது.
சக்கரத்துக்கு ஒவ்வொன்று,
வாலுக்கு ஒன்று, முக்காலி போட்டு.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
முக்காலிக் காலடியில்
செய்தித்தாளை மடித்து மடித்துச் செருகினோம்.

மூன்று எண்கள்.
கூட்டினார். மறுபடி கூட்டினார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
சுவரைப் பார்த்து நின்றார்.

பதினெட்டுக் கிலோ கூடுதல்.

எங்கே ஏறியது என்று எனக்குத் தெரியும்.
சிவப்புக் கோடு, மூன்று பூச்சு.
ரேடியோ, அதற்கொரு பேட்டரி.
பின்னிருக்கைக்கு மெத்தை, அதற்குத் தோலுறை,
"உனக்காகத்தான்" என்றார் அப்போது.
அந்தத் தோலை வெட்டித் தைத்தவளும் நான்தான்.

உபரித் தராசைக் காலால் தள்ளி
"ஏறுங்க" என்றேன்.
தொண்ணூற்று நாலு.
பெல்ட்டைக் கழற்றினார், கைப்பேசியை எடுத்து வைத்தார்.
தொண்ணூற்று மூன்றரை.
ஆலைக் கொதிகலன் முன்னால் முப்பது வருஷம் நின்றும்
உருகாத உடம்பு.
நான் ஏறினேன்.
ஐம்பத்தாறு.

கணக்கு நோட்டில், ஆறு வருஷத்துக்கு முந்தைய மையில்,
'விமானி: 80' என்றிருந்தது.
அதை நான் அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் 56 என்று எழுதினேன்.
"பின்னிருக்கையைக் கழற்றிடுங்க.
எனக்கு அது வேண்டாம்."

வெகுநேரம் ஸ்பானரைத் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
"லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை இருக்கு" என்றார் கடைசியில்.
"ஊசியில் நூல் கோக்க
உங்களை ஒருநாளாவது கூப்பிட்டிருக்கேனா?"

புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தேன்.
செம்பனைக்கு அந்தப்பக்கமிருந்து
மழைக்கு முந்தைய காற்று.
துணி மெல்ல உறுமியது.
மூன்று முள்ளும் ஒன்றாகக்
கொஞ்சம் பின்வாங்கின.

பொய்தான்.
கதவைச் சாத்தச் சொல்லவில்லை அவர்.
ஆ லெக்கின் லாரி வாசலில் வந்து
இரண்டு தரம் ஹார்ன் அடிக்கும்வரை
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.