பதினொரு மாத ஒப்பந்தம்

எண்பத்தொன்பதில் தேங்காப்பட்டணத்தில்
நான் வார்த்த முதல் ஐஸ் கட்டி
நடுவில் உறையவில்லை.
தட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கியது.
பெரிய வியாபாரிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
உடைந்த துண்டை ரெண்டு ரூபாய்க்கு வாங்கியது
கருங்கல் வரைக்கும் சைக்கிள் மிதிக்கும்
மீன்காரர்கள் மட்டும்தான்.

கருவாட்டுக் களம் வைத்திருந்த பெர்பெச்சுவம்மாள்
கணக்குநோட்டால் விசிறிக்கொண்டே சொன்னாள்:
"தண்ணியை விலைக்கு விக்க வந்திருக்கான்.
வெயிலு சும்மா கெடக்கு, உப்பும் உண்டு.
இவனுக்க ஐஸை யாரு வேண்டுவா?"

அவள் சொன்னது சரிதான்,
அந்த வருஷத்துக்கு மட்டும்.

மூன்றாம் வருஷம் கட்டி கெட்டியானது.
ஆறாம் வருஷம் எர்ணாகுளத்து லாரிகள்
என் வாசலில் வரிசை நின்றன.
பச்சைமீன் போன விலையைப் பார்த்து,
சுறாவைக் கீறி உப்பிடக் கொடுத்தவர்கள்
ஒவ்வொருவராய் என் பக்கம் வந்தார்கள்.
அவளுடைய களத்தில் முதலில் பாய் குறைந்தது,
பிறகு ஆள் குறைந்தது,
பிறகு பையன்கள் பந்து விளையாடினார்கள்.
நான் அழவில்லை. பொய் எதற்கு?
அந்த வாரம்தான் இரண்டாவது கம்ப்ரசர் வாங்கினேன்.

ஒன்றை மட்டும் அப்போது யோசிக்கவில்லை.
என் தொட்டியிலும் இருந்தது உப்புதான்.
நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு.
பூஜ்யத்துக்குக் கீழே போயும் தான் உறையாமல்
தகரக் கேனைச் சுற்றி நின்று
நல்லதண்ணீரை உறையவைத்தது அதுதான்.
தோற்றுப்போனதைக் கூலிக்கு வைத்திருந்தேன்,
பேர்கூடக் கேட்காமல்.

பிறகு இருபது வருஷம்
நல்ல ஐஸை இன்னும் நல்ல ஐஸ் ஆக்கினேன்.
வடிகட்டி, காற்றூதி, குமிழி போக்கி,
கட்டிக்குப் பின்னால் தினசரியை வைத்தால்
மரண அறிவிப்பை வாசிக்கலாம்.
பேங்க் மேனேஜர் வாசித்தே காட்டினார்.
மீனுக்கு வாசிக்கத் தெரியாது என்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கிளீற்றஸின் போட்டில் அந்த மெஷினை ஏற்றிய அன்று
நானும் பார்க்கப் போனேன்.
ஒரு பீரோ அளவு.
கடல்தண்ணீரை அப்படியே உறிஞ்சி
கஞ்சி மாதிரி ஒன்றைத் துப்பியது.
அள்ளினேன், விரலிடுக்கில் வழிந்தது.
நக்கிப் பார்த்தேன், கரித்தது.
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது,
கூடவே ஒரு கணக்குநோட்டு விசிறும் சத்தம்.

நாற்பது நாள் கழித்துக் கரை சேர்ந்தான்.
சூரையின் கண் அப்போதுதான் விழித்ததுபோல் இருந்தது.
"ஐஸ் தீருதேன்னு திரும்பின காலம் போச்சு அண்ணாச்சி,
இனி மீன் நிறைஞ்சாத்தான் கரை."
என் கட்டி உறைய முப்பத்தாறு மணி நேரம்.
அவன் பேசி முடிக்குமுன்
பீரோ இன்னொரு கூடை துப்பியிருந்தது.

அடுத்த சீசனில் ஒன்பது போட்.
அதற்கப்புறம் நான் எண்ணவில்லை,
கரண்ட் பில் எண்ணிக் காட்டியது.

போன செவ்வாய், பெர்பெச்சுவம்மாளின் மருமகள் வந்தாள்.
லிஜி. கையில் அளவு டேப்.
குவைத்திலும் தோகாவிலும் கருவாடு கேட்கிறார்களாம்,
மணலில்லாமல், நாற்றம் வெளியே வராமல், பொட்டலத்தில்.
போனில் ஆர்டர், போனிலேயே பணம்.
சூரிய உலர்த்தி வைக்க இடம் வேண்டும்.
தொட்டியை மூடிவிடலாம், கிரேனைக் கழற்றலாம்,
ஹால் நல்ல விசாலம் என்று
சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன்.
அவள் அண்ணாந்தபடி வந்தாள்.
"ஹால் வேண்டாம் அண்ணாச்சி.
மேற்கூரை மட்டும் போதும்."

வாடகையில் ஐந்நூறு குறைத்தாள்.
மூன்று வருஷத்துக்கு எழுதலாமே என்றேன்.
ஏணியில் ஏறியவள் மேலிருந்து சொன்னாள்:
"பதினொரு மாசம் போடுங்க.
அதுக்கு மேலே..."
தகரத்தைத் தட்டிப் பார்த்தாள்.
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டாள்.

கீழே
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.