கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஊரே தலையில் அடித்துக்கொள்ளும்.
நான் வண்டியை ஓரங்கட்டி
கேமராவை எடுப்பேன்.

நெல் மூட்டையோடு சரக்கு ரயில்.
ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கி
இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், கழுத்திலிருந்து அல்ல.
பெட்டியின் எண் தெளிவாகவும்
பின்னால் தென்னைகள் கோடுகளாகவும் விழுந்தால்
அன்றைக்குப் பாஸ்.
முதல் ஆறு மாதம்
தென்னைகள்தான் தெளிவாக இருந்தன.

மண்டபங்களில் ஏழு வருடம் படம் எடுத்தவள் நான்.
தாலி கட்டும் கணம் தவறினால்
"மாப்ளே, கைய இன்னொரு தடவ அப்படி வைங்க" என்பேன்,
வைப்பார்கள்.
கபடியில் யாரிடம் சொல்ல?

தை கழிந்து, அறுத்த வயலில் செம்மண் கொட்டி
நாலு கம்பம், எட்டு விளக்கு.
எட்டில் இரண்டு மினுக்கும்.
ஐஎஸ்ஓவை ஏற்றினால்
படம் முழுக்க உளுந்து விதைத்த மாதிரி புள்ளி.
இறக்கினால் ஒரு கைக்கு மூன்று கை.
நடுவே ஒரு வரப்பு இருக்கிறது,
வழுக்கும்.

லென்ஸ் கும்பகோணத்தில் வாடகை, நாளுக்கு எழுநூறு.
என் ஆதார் அட்டை கடைக்காரர் மேசைக்குள்.
கோட்டோரம் மண்டியிட்டிருக்கையில்
ஆட்கள் உருண்டு வந்து மேலே விழுந்தால்
முதலில் லென்ஸை வயிற்றுக்குள் வாங்கு,
பிறகு பல்லைப் பார்த்துக்கொள்.
மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காதே.
வயலில் எனக்குக் கழிப்பறை கிடையாது.
இதுவும் பயிற்சிதான்,
எந்த யூடியூப்காரரும் சொல்லவில்லை.

பந்தைத் தொடர்ந்து போ என்கிறார்கள்.
கபடியில் பந்து ஏது?
மூச்சுதான்.
பாடுகிறவளின் குரல் தேயத் தொடங்கும்போது
விரல் இறங்கியிருக்க வேண்டும்.
பிடி விழுந்தபின் அழுத்தினால் கிடைப்பவை முதுகுகள்.
என்னிடம் நாலாயிரம் முதுகுகள் இருக்கின்றன.

அன்றைக்கு அரையிறுதி.
கீழ்வேளூர்ப் பக்கத்து அணியில் ஏழாம் எண்.
காலில் மூன்று பேர், இடுப்பில் ஒருத்தி.
எல்லோரையும் இழுத்துக்கொண்டு அவள் நீட்டிய நடுவிரல்
நடுக்கோட்டுக்கு ஓர் அங்குலம் முன்னே
அந்தரத்தில்.
மண் துகள்களை எண்ணலாம்.
கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தபோது
கை நடுங்கியது.

இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை.
பத்தரைக்குள் படம் திருச்சிக்குப் போயாக வேண்டும்.
சிக்னலுக்காக டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று
கீழே நின்ற பையனிடம் கேட்டேன்,
ஏழாம் நம்பர் பேரென்ன?
ஒலிபெருக்கி இரைச்சலில் ஏதோ கொடி என்றான்.
பூங்கொடி என்று தட்டி அனுப்பினேன்.

மறுநாள் ஆறாம் பக்கம். நாலு காலம்.
ஓரத்தில் எறும்பு அளவில் என் பெயர்.
பதினோரு மணிக்குப் போன்.

"அக்கா, படம் நல்லாருக்கு.
என் பேரு செங்கொடி.
அப்பா வெச்சது, விவசாயச் சங்கத்துல இருந்தாரு.
டீக்கடையில எல்லார்ட்டயும் காட்டுனாரு,
ஒருத்தர் சத்தமாப் படிச்சாரு.
அப்புறம் பேப்பரை மடிச்சு வெச்சுட்டாரு."

துகளை எண்ணிய கண்
பேரை இன்னொரு முறை கேட்கவில்லை.
திருத்தம் போட்டார்கள்:
எட்டாம் பக்கம், இரண்டு வரி, படமில்லாமல்.

இப்போது ஒரு மணி நேரம் முன்னாலேயே போகிறேன்.
லென்ஸ் மூடியைக் கழற்றும் முன் நோட்டு.
எண், பேர், இனிஷியல்,
அவரவர் கையெழுத்தில்.
சின்ன ரவா பெரிய றவா என்று
தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

மாசியில் வலங்கைமான் பக்கம் ஒரு போட்டி.
முட்டியில் கட்டோடு பெஞ்சில் இருந்தாள்.
நோட்டைத் தாண்டி நீட்டினேன், அடுத்தவளுக்கு.
நடுவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னைக்கு இறங்கலக்கா"
என்றபடி
ஏழு என்று போட்டு
எழுதத் தொடங்கினாள்.