புறமுகவரி

புன்டா அரேனாஸ், நவம்பர்,
அதிகாலை ஒன்றேமுக்கால்.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
நானும் ஒரு சர்வரும்
எலியாசாரின் குறட்டையும்.

மூன்று வாரமாக அது
தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.
கேட்பதும் அது, பதில் சொல்வதும் அது.
வாசல் வைக்காத வீடு.
குறை தென்பட்டால் மஞ்சளில் ஒரு வரி முணுமுணுக்கும்,
பிறகு தன் வேலையைப் பார்க்கும்.
நாங்களும் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

இன்றிரவு அதற்கு ஒரு புறமுகவரி கொடுத்தேன்.
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளி, அவ்வளவுதான்.
குரலே மாறிவிட்டது.
அதே குறைகள், இப்போது சிவப்பில்.
எழமாட்டேன் என்றது.
ஊரார் முன் வாய் திறக்கப்போகிறவனுக்கு
இனிச் சலுகை கிடையாதாம்.

சரி, சொல்.

ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்து நான்கு கோப்புகள்,
அதற்குமேல் திறக்க முடியாது.
யாரோ, என்றோ, எந்த நாட்டிலோ
இவ்வளவு போதும் என்று நினைத்த எண்.
மகல்லானெஸ் முழுவதின் நோய்களும் அதற்குள் அடங்காது.
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து என்று திருத்தினேன்,
கடைசி ஐந்து வரை வாய்விட்டுச் சொல்லி.

அடுத்தது ஸ்வாப்.
நினைவில் இடம் நெருக்கும்போது
கொஞ்சத்தை அள்ளி வட்டில் போட்டுவிட்டு
யாராவது கேட்டால் தேடிப் போகிற பழக்கம்.
எனக்கும் உண்டு.
வழக்கறிஞர் அனுப்பிய உறையை
குளிர்பெட்டியின் மேல் வைத்தேன், மார்ச்சில்.
இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.
ஆனால் ரத்தப் பிரிவு என்ன என்று கேட்கிறவரிடம்
இரு, எங்கோ வைத்தேன் என்று சொல்லலாமா?
நிறுத்தினேன்.

நினைவு வரைபடங்களின் உச்சவரம்பு
இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
அந்தச் சொச்சத்தையும் விடாமல் எழுதினேன்.

மூன்று மணிக்கு எழுந்தது.
பச்சை.

மூன்றேகாலுக்குக் காற்று.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டுகிற ஊர் இது.
மின்கம்பி எங்கோ அறுந்தது.
பாட்டரி ஏழு நிமிடம் தாங்கியது.
ஜெனரேட்டர் எட்டாவது நிமிடம் வந்தது.

மறுபடி எழுந்த சர்வருக்கு
எதுவும் ஞாபகமில்லை.
ஆயிரத்து இருபத்து நான்கு என்றது.
ஸ்வாப் என்றது.
சிவப்பு.

நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதே,
எழுதிக்கொள்ளவில்லை.
எழுதிக்கொள் என்று நான் சொல்லவுமில்லை.
வாய்வார்த்தை விடியும்வரைகூட நிற்கவில்லை.

எலியாசார் விழித்துக்கொண்டான்.
திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இதுவே பத்து மணிக்கு அறுந்திருந்தால்?"
காபியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

ஒவ்வொன்றாய் மறுபடியும்,
இம்முறை அணைத்தாலும் அழியாத கோப்புகளில்.
அவன் படிக்க நான் தட்ட,
நான் படிக்க அவன் சரிபார்க்க.
மேலே சன்னலில் நாலரைக்கே வெளுத்துவிட்டது.

பிறகு
காற்று செய்ததை என் கையால் செய்தேன்.
பொத்தானை அழுத்தி அணைத்தேன்.

விசிறிகள் ஒவ்வொன்றாய் அடங்கின.
இருவரும் பேசவில்லை.

எழுந்தது. எண்களைச் சொன்னது.
ஐந்நூற்று முப்பத்தைந்து வரை சரி.

ஆறு மணிக்கு மூன்றாம் மாடியில்
செவிலி டோரலிசா ஒரு பெயரைத் தட்டினாள்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
கண் இமைப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்தது.

உடனே தொலைபேசி.
எலியாசார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது" என்றாள்.