நல்லதம்பியின் எடை

வாரம் மூன்று நாள். ஒன்பது இருக்கை. ஒற்றை எஞ்சின்.
செம்பனைக்கு நடுவே தாரால் இழுத்த ஒரு கோடு.
சுங்கை கெராயோங் விமான நிலையம் என்று
பலகையில் மட்டும் பெரிதாக இருக்கிறது.
டிக்கெட் எழுதுகிறவள், பெட்டி ஏற்றுகிறவள்,
ஓடுபாதையில் படுத்து அசைபோடும் ராக்கம்மாவின் மாட்டைக்
குடையால் விரட்டுகிறவள்,
மூன்று பேரும் நான்தான்.

காற்றுப்பை கிழிந்துவிட்டது என்று எழுதி எட்டு மாதம்.
பதில் வரவில்லை.
உர மூட்டையைத் தைத்துக் கம்பத்தில் கட்டினேன்.
காற்று எந்தப் பக்கம் என்று
இப்போது யூரியா சொல்கிறது.

தீவுக்குப் போகிறவர் முதலில் தராசில் ஏறவேண்டும்.
பழக்குலை நிறுத்த தராசு,
மனிதர் ஏறினாலும் அதே முனகல்.
"சத்தமாகச் சொல்லாதே மலர்" என்பார்
தீவுப் பள்ளிக்கூடத்து ஹலிமா டீச்சர்.
தாளில் எழுதி, மடித்து,
கேப்டன் ரித்வானிடம் கொடுப்பேன்.
ஆட்கள், அரிசி, இன்சுலின் பெட்டி,
தபால் பை, கீச்சிடும் கோழிக்குஞ்சுகள்
எல்லாவற்றையும் உதடு அசையக் கூட்டுவார்.
யாராவது காலையில் இரண்டு ரொட்டி
அதிகம் தின்றிருந்தால்
வெங்காயம் இறங்கிவிடும்.

நவம்பரில் படகுகள்
கரையேறிக் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும்.
பிப்ரவரிவரை
வேறு வழி கிடையாது, நாங்கள்தான்.

அந்த நவம்பரில் கடிதம் வந்தது.
மார்ச் கணக்கில் சராசரி ஆறு டிக்கெட்டுக்குக் குறைந்தால்
ஏப்ரலோடு சேவை முடிகிறது, நன்றி.
நன்றி எதற்கு என்று தெரியவில்லை.
திங்கள் ஐந்து. புதன் நான்கு. வெள்ளி ஏழு.
மூன்றால் வகுத்தேன். மறுபடியும் வகுத்தேன்.
கணக்கு மனம் இரங்கவில்லை.

மறுநாள் திங்களன்று
வீ. நல்லதம்பி பிறந்தார்.
வயது நாற்பத்தொன்று, எடை அறுபத்திரண்டு,
நாற்பத்தெட்டு ரிங்கிட் என் சம்பளத்தில்.
அவர்கள் எண்ணுவது விற்ற டிக்கெட்டைத்தானே,
ஏறிய ஆளை அல்லவே.

"நல்லதம்பி இன்றைக்கும் வரவில்லையா?"
மூன்றாம் வாரம் கேட்டார் ரித்வான்.
காய்ச்சல் என்றேன்.
"பாவம், அடிக்கடி வருகிறது" என்றவர்
பதிவேட்டுக்கு அடியில்
ஐம்பது ரிங்கிட் நோட்டை வைத்துவிட்டுப் போனார்.
மீதி இரண்டை நானும் கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு புதன், ஓயாத மழைக்குப் பிறகு
எட்டு டிக்கெட் விற்றுவிட்டது.
ஒன்பதாவது நல்லதம்பி.
தாளில் அவர் எடையும் இருந்ததால்
இல்லாத மனிதருக்காக
இருக்கிற வெங்காயம் தரையில் நின்றது.
அப்போது வந்தாள் சுரியானி,
செருப்பெல்லாம் செம்மண்,
துண்டுக்குள் பதினோரு நாள் குழந்தை.
பெரியாஸ்பத்திரியில் பெற்று, பஸ் மாறி மாறி,
வீட்டுக்குப் போகிறாள்.
"இடம் இருக்கா அக்கா?"

பேனாவை எடுத்தேன்.
நல்லதம்பி எழுந்து இடம் கொடுத்தார்.
அவர் பெயர்மேல் கோடு போட ஏனோ கை தயங்கியது.
தாய் ஐம்பத்தொன்று, பிள்ளை மூன்று.
எட்டு கிலோ மிச்சம்.
வெங்காய மூட்டையும் எட்டு.
ரித்வான் அதைத் தானே தூக்கி ஏற்றினார்.

விமானம் செம்பனைத் தலைகளை உரசாத குறையாக
எழும்பிப் போனது.
மாடு திரும்பி வந்து படுத்தது.

மார்ச் முடிந்தது. கணக்கு அனுப்பினேன்.
பரிசீலனையில் இருக்கிறதாம்.

இன்று திங்கள், ஐந்து டிக்கெட்.
விமானம் வரப் பத்து நிமிடம் இருக்கையில்
ராக்கம்மா உள்ளே வந்தாள்.
மாட்டுக்குச் சண்டை என்று குடையைத் தேடினேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
கசங்கிய நோட்டுகளை மேசையில் நீவி வைத்தாள்.
"அந்த நல்லதம்பிக்கு ஒண்ணு போடு."

எழுதத் தொடங்கினேன்.
எடை?
"போன வாரம் போட்டதையே போடேன்" என்றவள்
வாசல்வரை போய்த் திரும்பினாள்.
"ரெண்டு கிலோ குறைச்சே போடு.
காய்ச்சல்காரன், சாப்பிட்டானோ என்னவோ."