மேசைக்காரன்

மேசையில் உட்கார்ந்தவன் கைதட்டக் கூடாது.
பத்தொன்பது வருஷம் என் கைகளை
ஸ்கோர் தாளின் மேலேயே வைத்திருந்தேன்.

இடப்பக்க பெஞ்சில்
தண்டையார்பேட்டை மாலைக் கல்லூரி.
அதன் கூடைப்பந்து கோச், தனகோட்டி.
பேரில்தான் கோடி.
தொகுப்பூதியம்,
அதுவும் ஏப்ரல் மே கிடையாது.

தாளில் பன்னிரண்டு பேர் எழுதித் தருவார்,
நிற்பது எட்டுப் பேர்.
ஒருத்தனுக்கு கன்டெய்னர் யார்டில் ஓவர்டைம்.
ஒருத்தன் போன விசைப்படகு
இன்னும் காசிமேடு திரும்பவில்லை.
சென்டர் ஆடும் யோவேல்
மிளகாய் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு
நேரே வருவான்.
அவனை மறிக்கிறவன் தும்முவான்.
தும்மலுக்கு ஃபவுல் கிடையாது.

டைம் அவுட் என்றால் ஒரு நிமிஷம்.
மற்ற கோச்சுகள் பலகையில்
வட்டம் போடுவார்கள், அம்பு விடுவார்கள்.
இவர் கேட்பது
"எவன்டா சாப்டல?"
ரெண்டு கை எழும்பும், சில நாள் நாலு.
மஞ்சப்பையிலிருந்து வாழைப்பழம்.
மெல்லுகிற வாய்களிடம்
"லெஃப்ட்டுல இருக்கான் பாரு, அவனுக்குக் கால் வலி.
அங்க போடு."
முடிந்தது.
ஐம்பதாவது நொடியில் நான் சைரன் அடிப்பேன்.
பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு
மிச்ச ஆட்டத்தையும் நின்றே பார்ப்பார்.

எடுக்காத டைம் அவுட் கட்டத்தில்
இரண்டு கிடைக்கோடு போட வேண்டும் நான்.
அவர் தாளில் போட்டதே இல்லை.

வென்றது நாற்பத்தொன்று.
தோற்றது நூற்று எழுபதுக்கு மேல்.
மழையில் நின்றுபோனவற்றை
எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, திருவொற்றியூர்,
மண்டல அரையிறுதி.
மூன்றாம் குவாட்டரில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்ததும்
யோவேல் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டான்.
விழுந்தது. நான் பார்த்தேன்.
ரெஃப்ரீ ஒரு விரல் மடக்கிக் காட்டினார்,
அதையும் பார்த்தேன்.
எழுதவில்லை.
பேனாவில் மை இருந்தது.
கொசு அடித்தேன் என்று நினைக்கிறேன்.

அறுபத்திரண்டு, அறுபத்தொன்று.

ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை.
சமமாகியிருக்கும்.
இன்னும் ஐந்து நிமிஷம் ஆடியிருப்பார்கள்.
அந்த ஐந்து நிமிஷம்
பாடியில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும்,
மகள் காதுகுத்தில் வந்தது,
மணலி ஆலையில் நைட் ஷிப்ட்டில்
வால்வு திறந்துகொண்டிருக்கும்போது வரும்.

புள்ளிகளை அவர் இடது முன்னங்கையில்
பால்பாயிண்ட்டால் கோடு கிழித்து எண்ணுவது வழக்கம்.
ஆட்டம் முடிந்து மேசைக்கு வந்தார்.
தாளைப் பார்த்தார்.
கையைப் பார்த்தார்.
புகார் எழுத இன்னும் நேரமிருந்தது.
"உனக்கு இன்னிக்கு நைட்டா?"
ஆமாம் என்றேன்.
"கெளம்பு. கடைசி வண்டி பூடும்."
அடிபம்பில் கையை நீட்டினார்,
யோவேல் அடித்தான்.
நீலம் முழங்கைவரை வழிந்து போனது.

பிறகு கல்லூரிக்குப் புதுக் கட்டடம்.
கோர்ட்டில் டூவீலர்கள்.
வளையத்தைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை,
பலகையில் மட்டும்
பார்க்கிங்குக்கு அம்பு வரைந்துவிட்டார்கள்.
வேலை இல்லை என்று அவருக்குக் கடிதம் வரவில்லை.
ஜூன் மாதம் வழக்கமாக வரும் கடிதம் வரவில்லை,
அவ்வளவுதான்.

போன மாதம், எண்ணூர் நெடுஞ்சாலை,
லாரி எடைமேடை.
உர லோடுக்கு ரசீது வாங்கப் போனேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள்
வெற்று வண்டி எடை, சரக்கோடு எடை
எழுதிக்கொண்டிருந்தார் தனகோட்டி.
"மேசைக்கு வந்துட்டேன் பாத்தியா,"
சிரித்தார், பல் ஒன்று குறைவு.

"மாஸ்டர், திருவொற்றியூர்ல அன்னிக்கு…"
பின்னால் நாலு லாரி ஹார்ன்.
அவர் எழுந்தார்.
ஒரு உள்ளங்கையைப் படுக்கவைத்து
அதன் அடியில் மறு கை விரல்களை நிறுத்தினார்.
டிரைவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
ஆனால் ஹார்ன் நின்றது.

சைரன் என் கையில் இல்லை.
"சாப்டியா?" என்றார்.

கை தூக்கினேன்.